அரையாண்டு விடுமுறையில் நாகைக் கரை

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வின் கடைசித் தாளை வாங்கி வைக்கிற மதியமே பல வீடுகளில் வருஷக் கணக்கும் முடிந்துவிடுகிறது. 2024-இல் அந்த விடுமுறை டிசம்பர் 24-இல் தொடங்கி ஜனவரி 1 வரை. அம்மாவின் ஓய்வு, அப்பாவின் அலுவலகத்தில் மிச்சமிருக்கும் விடுப்பு, அக்டோபர் மழையில் பாட்டி வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடன், பெரியவள் ஆறு மாதமாகக் கேட்கும் கடல் எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். வேளச்சேரியிலிருந்து கிளம்பிய ஒரு குடும்பம் இதற்காகத் தேர்ந்தெடுத்த ஊர் நாகப்பட்டினம்.

முதலில் ஊட்டிப் பேச்சுதான் வந்தது. வராமல் இருக்குமா? ஆனால் அந்த ஆண்டு மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. பாஸ் கிடைத்தாலும், ஒன்றரை வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதை நினைத்தாலே அம்மாவுக்குக் குமட்டியது. "வேளாங்கண்ணியில முடி எடுக்கறேன்னு வேண்டியிருக்கேன். அத விட்டுட்டு மலை எதுக்கு?" என்றார் பாட்டி. மலை அத்தோடு தீர்ந்தது.

வீட்டில் ஐந்து பேர். அப்பாவுக்கு மென்பொருள் வேலை; பாதி வாரம் ஓஎம்ஆர் அலுவலகம், பாதி வாரம் சாப்பாட்டு மேசை. அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை. பெரியவள் இரண்டாம் வகுப்பு. சின்னவன் அப்போதுதான் ஓடக் கற்றிருந்தான். இந்த நாலு பேரையும் கட்டி மேய்க்கிற அப்பாவின் அம்மா ஐந்தாவது.

அந்த வருஷத்தை அவர்கள் இரண்டாகப் பிரித்துத்தான் பேசுகிறார்கள்: அம்மா வேலைக்குத் திரும்பியதற்கு முன், திரும்பியதற்குப் பின். தமிழ்நாட்டு அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கு 2021 முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். தனியார் நிறுவனத்தில் இருக்கும் அம்மாவின் தங்கைக்கோ மத்தியச் சட்டப்படி 26 வாரம்தான். அக்கா தங்கை இருவரும் சந்தித்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. ஒரு வருஷத்தை முழுதாக எடுத்துக்கொண்டு, 2024 ஜூன் 10-இல் பள்ளி திறந்தபோது அம்மா கிளம்பினார். வருஷம் பூராவும் இடுப்பில் வைத்திருந்த தாய் ஒரு நாள் காலை எட்டு மணிக்குக் கைப்பையோடு காணாமல் போவதைச் சின்னவன் எந்த அரசாணையைக் காட்டியும் ஒப்புக்கொள்ளவில்லை. பாட்டி ஊரிலிருந்து வந்து தங்கியது அப்போதுதான்.

அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்தது. வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திய படம் நாடு முழுக்கப் போனது நினைவிருக்கலாம். அந்த வரிசையில் இவர்கள் வண்டியும் நின்றது. வண்டி தப்பியது, அதே மாதக் கடைசியில் சின்னவனுக்கு டெங்கு வந்தது. காலையும் மாலையும் ரத்தம் எடுத்துத் தட்டணு எண்ணிக்கையைச் சொல்ல வரும் செவிலியரின் முகத்தையே பார்த்துக்கொண்டு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு ராத்திரியில்தான் பாட்டி வேளாங்கண்ணி மாதாவை வேண்டிக்கொண்டார். குலதெய்வத்துக்கு முதல் மொட்டை ஏற்கெனவே போட்டாயிற்று. எனவே இரண்டாவது மொட்டையை யாருக்குக் கொடுப்பதிலும் தடையில்லை. இதில் பாட்டியின் கணக்கு மிகத் தெளிவானது.

பயணம் ரயிலில். கார் இருக்கிறதே என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். பாட்டியின் முதுகும் சின்னவனின் தூக்கமும் எதிராக வாக்களித்தன. எழும்பூர்ப் பக்கமிருந்து இரவில் கிளம்பி மயிலாடுதுறை, திருவாரூர் வழியாகக் காரைக்கால் போகும் விரைவு வண்டி விடியலில் நாகையில் இறக்கிவிடுகிறது. நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்ட, டிசம்பர் 2-இல் இந்தத் தடத்தில் வண்டிகள் நின்றுபோயின. கிறிஸ்துமஸ் இரவில் அதே பாலத்தை வண்டி கடந்தபோது பெட்டி முழுக்கக் குறட்டை.

தூளி கட்டாமல் தமிழ்நாட்டில் கைக்குழந்தை ரயிலேறுவதில்லை. பாட்டி தன் பழைய நூல் புடவையை இரண்டு மேல்படுக்கைகளுக்கு நடுவே கட்டிச் சின்னவனைப் போட்டார், வண்டியே ஆட்டிக்கொண்டது. பெரியவள் கையடக்கச் சதுரங்கப் பலகையை விரித்தாள். டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து அந்த வீட்டில் பலகை மூடப்படுவதில்லை. அப்பாவின் துக்கம் வேறு. அதற்கு ஆறு நாள் கழித்து அஸ்வின் 537 டெஸ்ட் விக்கெட்டுகளோடு ஓய்வை அறிவித்துவிட்டார். சென்னையில் முப்பது வயதைத் தாண்டிய ஆண்கள் பலர் அந்த வாரம் கொஞ்சம் மௌனமாகத்தான் இருந்தார்கள்.

நாகையில் இறங்கிய நாள் டிசம்பர் 26. தேதி பார்க்காமல் எடுத்த டிக்கெட் இல்லை; கிறிஸ்துமஸ் நெரிசல் வடியட்டும் என்று எடுத்தது. ஆனால் அந்தத் தேதி நாகைக்கு என்ன என்பது ஊருக்குள் ஆட்டோ நுழைந்த பிறகுதான் உறைத்தது. சுனாமி வந்து அன்றோடு 20 ஆண்டு. நம்பியார் நகர், கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை மீனவர்கள் அன்று கடலுக்குப் போவதில்லை. படகுகள் கட்டிக் கிடக்க, ஊரே நினைவிடங்களை நோக்கி நடந்துகொண்டிருந்தது. பூ, மெழுகுவத்தி, இறந்துபோன பிள்ளைக்குப் பிடித்த பலகாரம். தமிழ்நாட்டில் அன்று இறந்தவர்களில் பெரும்பங்கு இந்த ஒரு மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். 6,000 பேருக்கும் மேல்.

அம்மா அப்போது ஏழாம் வகுப்பு. ஈரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில், அதே அரையாண்டு விடுமுறையில், தொலைக்காட்சியில் பார்த்தவர். அப்பா சைதாப்பேட்டையில் பத்தாம் வகுப்பு. காலை ஆறரை மணிக்கு மேல் கட்டில் லேசாக ஆடியதும், எல்லோரும் தெருவில் வந்து நின்று சிரித்துப் பேசிவிட்டு உள்ளே போனதும் அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. சுமத்ரா அருகே பூமி அதிர்ந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அலை இங்கே வந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இந்தியாவுக்கென்று சுனாமி முன்னெச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் அமைந்தது 2007-இல்.

"ஏம்மா கடல்ல பால ஊத்தறாங்க?" என்றாள் பெரியவள்.

"கடல் கோவப்படாம இருக்கட்டும்னு, பாப்பா. அதோட, உள்ள போனவங்களுக்கும்."

இரண்டாவது வாக்கியத்தை அம்மா சொல்ல நினைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது. பெரியவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஏழு வயதுக் குழந்தைக்கு இதையெல்லாம் காட்டலாமா என்று அப்பாவுக்குச் சங்கடம். காட்டலாம் என்றுதான் தோன்றுகிறது. சுற்றுலாத் தலம் என்று எழுதிய பலகைக்குப் பின்னால் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதைப் பாடப் புத்தகம் சொல்லித் தருவதில்லை. அந்தப் பேரழிவில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக நாகையில் அன்னை சத்யா அரசுக் காப்பகம் தொடங்கப்பட்டது. அன்றைக்குக் கைக்குழந்தைகளாக அங்கே வந்து சேர்ந்தவர்கள் படித்து, வேலைக்குப் போய், சிலர் கல்யாணமும் கட்டிக்கொண்டுவிட்டார்கள். இதை ஆட்டோக்காரர் சொன்னபோது பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிரவு விடுதி அறையில் தொலைக்காட்சியைப் போட்டால் மன்மோகன் சிங் மறைந்த செய்தி. சின்னவன் தூங்கிய பிறகு, ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் வெகு நாளைக்கப்புறம் பேசிக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் ஆள்குறைப்பு வதந்தி, ஏறப்போகிற வீட்டு வாடகை, தம்பி வந்ததிலிருந்து பெரியவள் நகம் கடிப்பது. எதற்கும் முடிவு காணவில்லை. "வீட்டுல இருந்திருந்தா இத பேசவே மாட்டோங்க" என்றார் அம்மா. உண்மைதான். வீட்டில் துணி மடிக்க வேண்டியிருக்கும்.

வேளாங்கண்ணி நாகையிலிருந்து தெற்கே பத்து கிலோமீட்டர்தான். 1962-இல் பசிலிக்கா தகுதி பெற்ற ஆலயம். செப்டம்பர் 8 திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும். முடி இறக்கும் இடத்தில் காவி வேட்டி கட்டிய பெரியவர், பொட்டு வைத்த பெண்கள், சிலுவை போட்ட பையன் எல்லோரும் ஒரே வரிசை. சின்னவன் கத்திய கத்தலில் வரிசையே திரும்பிப் பார்த்தது. மொட்டை முடிந்து சந்தனம் பூசியதும், தன் தலையைத் தானே தடவிப் பார்த்து அவன் சிரித்ததை அப்பா படம் எடுக்க மறந்துவிட்டார்; அதுவும் நல்லதுதான், அந்தச் சிரிப்பை அவர் கண்ணாலேயே பார்த்தார். பாட்டி மெழுகுவத்தி ஏற்றி, மணல் பாதையில் முழங்காலிட்டுப் போகிறவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தானும் போவதாக வேண்டியிருந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. முழங்கால் வலியோடு அவர் பத்தடி நடந்தே போய்த் திரும்பினார்.

நாகூருக்கும் பாட்டிதான் கூட்டிப்போனார். தர்காவின் ஐந்து மினார்களில் மிக உயர்ந்தது 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். கந்தூரி முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது; பந்தல் கழிகள் இன்னும் கிடந்தன. புறாக்கள் சின்னவனுக்கு, இறால் வாடா அப்பாவுக்கு, ஒரு பெட்டி தம்ரூட் வேளச்சேரி எதிர்வீட்டுக்கு.

இதற்கு நடுவே அப்பா போட்டு வைத்திருந்த பட்டியலிலிருந்து ஊர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பூம்புகார் போயிற்று. திருக்கடையூர் போயிற்று. சிக்கல் பக்கத்திலேயே இருந்தும் போயிற்று. சின்னவன் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை தூங்குவான். அந்த நேரத்தில் எந்தச் சோழ மன்னன் கட்டியது எதுவாக இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். ஸ்ரீவிஜய அரசன் நாகையில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்த கதையை, லெய்டன் செப்பேடுகளில் பதிவான அந்தக் கதையை, அம்மா விடுதி வராந்தாவில் உட்கார்ந்தபடியே பெரியவளுக்குச் சொல்லி முடித்தார். விகாரத்தில் பார்ப்பதற்கு இப்போது ஒன்றும் மிச்சமில்லை என்பதால் நஷ்டமும் இல்லை. காங்கேசன்துறைக் கப்பலைப் பார்க்கலாம் என்ற ஆசையும் நிறைவேறவில்லை. 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கிய அந்தச் சேவை மழைக்காலத்துக்காக நிறுத்தப்பட்டிருந்தது.

குழந்தைகளோடு போகிறவர்கள் மூன்று ஊரை நிதானமாகப் பார்ப்பதே மேல். நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஓரிரு நாளில் சுற்றிக் காட்டுகிற வேன்களில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

கோடியக்கரைக்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்கினார்கள். வாடகைக் கார், விடியுமுன் கிளம்பல். இது அம்மாவின் ஊர். பிறந்த ஊர் அல்ல, படித்த ஊர். மகப்பேறு விடுப்பில் பால் கொடுத்துக்கொண்டே ஐந்து பாகம் 'பொன்னியின் செல்வன்' படித்தவர் அவர். பூங்குழலியின் படகை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தவருக்கு அந்தக் கரையை நேரில் பார்க்காமல் முடியாது.

வழியில் வேதாரண்யம். 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியில் புறப்பட்ட ராஜாஜியின் உப்புப் படை இங்கே நடந்து வந்து சேர்ந்து, மாதக் கடைசியில் உப்பு அள்ளியது. ஏழு வயதுக்காரிக்கு இதில் பிடித்தது ஒன்றுதான்: "நடந்தேவா வந்தாங்க?" சாலையின் இருபுறமும் உப்பளங்கள் மழைநீர் நிறைந்து ஏரிபோலக் கிடந்தன. டிசம்பரில் உப்பு விளைவதில்லை. தண்ணீர் வற்றி, தை பிறந்து, வெயில் ஏறிய பிறகுதான் பாத்தி கட்டும் வேலை. ஓட்டுநர் சாலையோரத் தென்னைகளைக் காட்டினார். "இதெல்லாம் கஜாவுக்கு அப்புறம் வச்சது சார். முன்ன இருந்தது பூரா ஒரே ராத்திரியில விழுந்துட்டுது." 2018 நவம்பர் 16 அதிகாலை வந்த புயல் அது. தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அவர் பேசியபோது அவருடைய கன்றுகள் அப்போதுதான் பாளை விட்டிருந்தன.

வங்கக் கடற்கரை தெற்கே இறங்கிக்கொண்டே வந்து, சட்டென்று மேற்கே மடங்கும் முனை கோடியக்கரை. ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் பாக் நீரிணை. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; 2002-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வலசை வரும் பறவைகளுக்கு இங்கே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக வளையம் மாட்டி வருகிறார்கள். சலீம் அலிக்கு மிகப் பிடித்த இடங்களில் இது ஒன்று. கிண்டியில் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்த வெளிமான்களைப் பெரியவள் இங்கே திறந்த புல்வெளியில் பார்த்தாள். முறுக்குக் கொம்பு ஆண் ஒன்று அவர்களைப் பார்த்துவிட்டு, பொருட்படுத்தத் தக்கவர்கள் இல்லை என்று முடிவு செய்து மேயப் போய்விட்டது. மட்டக்குதிரைகளைக் கண்டதும் சின்னவன் "மா… மா…" என்றான். அவனுக்கு நாலு கால் எல்லாம் மாடு.

பூநாரைகள் நினைத்ததுபோல் பக்கத்தில் இல்லை. சதுப்பின் நடுவில், வெகு தூரத்தில், வெளிறிய ஒரு கோடு. புகைப்படங்களில் பார்த்த இளஞ்சிவப்பை எதிர்பார்த்த பெரியவளுக்கு முகம் சுண்டிவிட்டது. அங்கிருந்த வனத்துறைக் காவலர் தன் தொலைநோக்கியைக் கொடுத்தார். அவை தின்னும் கூனியிறாலிலும் பாசியிலும் இருக்கும் நிறமிதான் இறகுக்கு ஏறுகிறது, குஞ்சுகள் சாம்பல் நிறம், இளசுகள் வெள்ளையாகத்தான் இருக்கும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். கூட்டம் ஒரு முறை எழும்பித் திரும்பியபோது சிறகின் அடியில் இருந்த சிவப்பு முழுவதும் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு. விடுப்பில் இருப்பவரை "ஒரு அஞ்சு நிமிஷம்" என்று கூப்பிடும் வழக்கம் இளம் குடும்பங்களின் விடுமுறையைத் தின்றுகொண்டிருக்கிறது. இதற்கும் ஓர் அரசாணை வந்தால் நல்லது. அப்பா கைபேசியை எடுக்கவில்லை. அன்று மாலை வரை அதை நினைத்துக் கவலையும் பட்டார்.

சோழர் காலத்தது என்று ஊரார் சொல்லும் பழைய கலங்கரை விளக்கத்தை 2004 அலை சாய்த்துவிட்டது. செங்கல் குவியலாகக் கிடந்த அதன் மிச்சத்தை அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வருஷம் பூராவும் மற்றவர்களுக்காகவே ஓடியவர், தனக்கென்று கேட்ட ஒரே இடம் இது.

கடைசியாகத் தரங்கம்பாடி. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்பார்க் கோட்டை, 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு, அவர் மொழிபெயர்த்து 1715-இல் அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாடு, 1845-இல் செராம்பூரோடு சேர்த்து ஆங்கிலேயருக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்பனை. ஓர் ஊரின் இரண்டேகால் நூற்றாண்டை இப்படி ஒரே மூச்சில் சொல்லிவிட முடிகிறது. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. ஓசோன் நிறைந்த காற்று என்று இந்த ஊரைப் புகழ்வார்கள். தரைமட்டத்தில் ஓசோன் மிகுந்தால் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் அது வெறும் பேச்சாகவே இருப்பது நல்லது. கோட்டைக்கு முன்னால் பெரியவள் மணலில் வீடு கட்டினாள். சின்னவன் இடித்தான். அவள் அடிக்கவில்லை; இன்னொன்று கட்டினாள். ஜூனிலிருந்து இது நடந்ததில்லை என்று அம்மா குறித்துக்கொண்டார்.

இந்தக் கரைக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது; அரையாண்டு விடுமுறைக்கு அக்டோபர் கடைசியிலேயே விழித்திருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காதவரை டிக்கெட் வேண்டாம். அதற்கு மேல் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். கோடியக்கரைக்குக் காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். பூநாரைகளைப் பார்க்க டிசம்பரும் ஜனவரியும் நல்ல மாதங்கள். தொலைநோக்கி இல்லாமல் போகாதீர்கள். குழந்தைக்கு வேண்டிய பால், பிஸ்கட், குடிநீர் எல்லாவற்றையும் வேதாரண்யத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். 2015-இல் பேருந்து நிலையங்களுக்கு வந்த பாலூட்டும் அறை கோட்டைகளுக்கும் கடற்கரைகளுக்கும் சரணாலயங்களுக்கும் வர வேண்டும் என்று, போய்வந்த பிறகு சுற்றுலாத் துறைக்கு ஒரு கடிதமும் எழுதிப் போடுங்கள்.